பல்லுக்கும் கப்பம்

1789 ஏப்ரல் 30 அன்று ஜார்ஜ் வாஷிங்டன் அமெரிக்காவின் முதல் ஜனாதிபதியாகப் பதவியேற்றபோது, அவர் வாயில் சொந்தப் பல் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். வெள்ளைக்காரப் பட்டாளத்தை விரட்டியடித்த தளபதி, வேகாத கறித்துண்டைக் கண்டால் பின்வாங்க வேண்டிய நிலை. நல்லவேளை, அந்த ஊரில் முறுக்கு கிடையாது.

அவர் மரப்பல் கட்டியிருந்தார் என்று ஒரு கதை உலவுகிறது. சுத்தப் பொய். மரமாக இருந்திருந்தாலாவது பாரம் குறைந்திருக்கும். நியூயார்க் பல் வைத்தியர் ஜான் கிரீன்வுட், நீர்யானைத் தந்தத்தைச் செதுக்கி, அதில் மனிதப் பற்களைப் பொருத்தி, மேல் செட்டையும் கீழ் செட்டையும் ஸ்பிரிங் வைத்து இணைத்துக் கொடுத்தார். மிச்சமிருந்த ஒற்றைப் பல் நுழைவதற்கென்று செட்டில் ஒரு ஓட்டை வேறு. ஸ்பிரிங்கின் சுபாவம் விரிந்துகொள்வது. ஆகவே ஜனாதிபதிக்கு வாயைத் திறப்பதில் கஷ்டமே இல்லை. மூடி வைத்திருப்பதுதான் பெரும்பாடு. ஒரு டாலர் நோட்டில் உதட்டை இறுக்கிக்கொண்டு முறைக்கிறாரே, தேசத்தின் எதிர்காலம் பற்றிய கவலை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். 1793இல் இரண்டாம் முறை பதவியேற்றபோது அவர் பேசியது மொத்தம் 135 வார்த்தை. இன்றுவரை எந்த அமெரிக்க ஜனாதிபதியும் அதைவிடச் சுருக்கமாகப் பதவியேற்பு உரை ஆற்றியதில்லை. பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்று நம்மூரில் சும்மாவா சொன்னார்கள்?

1798இல் செட் கறுத்துவிட்டதைப் பார்த்த கிரீன்வுட், எல்லாம் போர்ட் ஒயினின் வேலை என்று கண்டுபிடித்துக் கடிதம் எழுதினார். குடிக்கும்போது கழற்றி வைத்துவிடும்படி ஆலோசனை. டாக்டர்கள் குடியை நிறுத்தச் சொல்வார்கள். இவர் பல்லை நிறுத்தச் சொன்னார். கடைசிப் பல்லும் 1796இலேயே போக, அதையும் இவரே வாங்கிச் சிமிழில் போட்டுப் பைக்கடிகாரச் சங்கிலியில் தொங்கவிட்டுக்கொண்டார்.

வாஷிங்டனின் கணக்குப் புத்தகத்தில் 1784ஆம் வருஷத்து வரவு செலவில் ஒரு வரி உண்டு. லெ மேயர் என்ற பிரெஞ்சுப் பல் வைத்தியர் கணக்கில், அடிமைகளிடம் ஒன்பது பல் வாங்கியதற்கு 6 பவுன் 2 ஷில்லிங். அதே லெ மேயர், முன்பல் தருவோருக்குப் பல் ஒன்றுக்கு 42 ஷில்லிங் என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்திருந்தவர். அடிமைப் பல்லுக்குக் கிடைத்ததோ பதினாலு ஷில்லிங்கூட இல்லை. எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று பிரகடனம் செய்து எட்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அந்த ஒன்பது பல் யார் வாய்க்குப் போனது என்று கணக்குப்பிள்ளை எழுதி வைக்கவில்லை.

அந்தக் காலத்தில் பல் பிடுங்குவது என்பது நாலு பேர் அமுக்கிப் பிடிக்க வேண்டிய காரியம். அதற்குப் பயந்து ஜனங்கள் சொத்தைப் பல்லோடு குடித்தனம் நடத்தினார்கள். 1844 டிசம்பரில் ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் வைத்தியர், சிரிப்பூட்டும் வாயுவை முகர்ந்துவிட்டுத் தன் கடைவாய்ப் பல்லையே பிடுங்கச் சொன்னார். வலிக்கவில்லை. இரண்டு வருஷத்தில் ஈதரும் வந்து சேர, பயம் விட்டுப்போயிற்று. கூட்டம் கூட்டமாகப் போய்ப் பிடுங்கிக்கொண்டார்கள். பிடுங்கியாயிற்று, மாற்று எங்கே? தங்கத் தகட்டில் பல் கட்டப் பணக்காரனால்தான் முடியும்.

இந்த இடத்தில்தான் ரப்பர் உள்ளே நுழைகிறது. ரப்பரையும் கந்தகத்தையும் சேர்த்துச் சூடேற்றிப் பதப்படுத்தியவர் சார்லஸ் குட்இயர். அவர் கண்டது இரண்டு லட்சம் டாலர் கடன்தான். 1860இல் அதை வைத்துவிட்டுச் செத்துப்போனார். அதற்கு முன்பே அவர் தம்பி நெல்சன் கந்தகத்தைக் கூட்டிக் கெட்டி ரப்பர் செய்தார். வல்கனைட் என்று பேர். மேலண்ணத்தை அச்செடுத்து, அச்சில் இளகிய ரப்பரை அமுக்கி, நீராவிப் பாத்திரத்தில் வேக வைத்தால் தாடைக்கு அளவெடுத்த மாதிரி பல் செட் தயார். ஸ்பிரிங் வேண்டாம், தானாகவே கவ்விக்கொள்ளும். விலையும் மலிவு.

மலிவாக ஒரு பொருள் வந்தால் அதற்கு ஒரு தரகர் வராமல் இருப்பாரா? ரப்பரில் பல் கட்டும் வித்தைக்கு ஜான் கமிங்ஸ் என்பவர் 1864இல் காப்புரிமை வாங்க, அது குட்இயர் டென்டல் வல்கனைட் கம்பெனியின் கைக்குப் போனது. கம்பெனியின் பொருளாளர் ஜோசையா பேக்கன். வருஷத்துக்கு லைசென்ஸ் கட்டணம், அதற்கு மேல் கட்டுகிற ஒவ்வொரு செட்டுக்கும் தனிக் கப்பம். கட்டாத பல் டாக்டரை ஊர் ஊராகத் தேடிப்போய் ஈட்டிக்காரன் போல் வாசலில் நின்றார். கையில் ஈட்டிக்குப் பதில் கோர்ட் நோட்டீஸ். டாக்டர்கள் கூட்டுச் சேர்ந்து வழக்காடிப் பார்த்தார்கள். சுப்ரீம் கோர்ட்டே கம்பெனி பக்கம் தீர்ப்பளித்துவிட்டது.

சாமுவேல் சால்ஃபன்ட் என்ற பல் டாக்டர் கப்பம் கட்ட மறுத்தவர்களில் ஒருவர். டெலவேரில் கடை போட்டார், பேக்கன் வந்தார். செயின்ட் லூயிஸுக்கு ஓடினார். வழக்கும் பின்னாலேயே வந்தது. அமெரிக்காவின் மேற்குக் கோடியில் சான் பிரான்சிஸ்கோ வரை போனார். அதற்கப்பால் பசிபிக் கடல். அங்கேயும் பேக்கன் வந்து பால்ட்வின் ஹோட்டலில் அறை எடுத்தார். 1879 ஏப்ரல் 13, ஈஸ்டர் ஞாயிறு காலை, சால்ஃபன்ட் துப்பாக்கியோடு அந்த அறைக்குப் போனார். மிரட்டத்தான் கொண்டு போனதாகவும், அது தற்செயலாக வெடித்துவிட்டதாகவும் பிற்பாடு சொன்னார். பேக்கன் செத்தார். சால்ஃபன்ட்டுக்குப் பத்து வருஷம் சிறை.

1864இல் வாங்கிய காப்புரிமைக்கு ஆயுள் பதினேழு வருஷம். 1881இல் அது காலாவதியாகி, யார் வேண்டுமானாலும் ரப்பர் பல் கட்டலாம், ஒரு பைசா தர வேண்டாம் என்று ஆயிற்று. சால்ஃபன்ட் இன்னும் இரண்டே இரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கலாம்.