நானா, ஜி, ப்ரோ

அண்ணாதுரை தம்பிக்கும் கருணாநிதி உடன்பிறப்புக்கும் கடிதம் எழுதியே கட்சி வளர்த்த மண் இது. நமக்கு முன்பின் தெரியாதவரிடம் மணி கேட்பதென்றாலும் முதலில் முறை வேண்டும். எங்கள் காரைக்கால் பக்கத்து நெரவியில் டீக்கடைக்குப் போனாலும் அதே கதைதான். மாஸ்டரை ‘அண்ணே’ என்றால் டீ திக்காக வரும். ‘தம்பி’ என்றால் ஆடை மிதக்கும்.

முஸ்லிம் தெருக்களில் இந்தக் குழப்பம் குறைவு. மூத்தவர் ஆணென்றால் நானா, பெண்ணென்றால் லாத்தா. நாகூர் வரைக்கும் இந்த நாணயம் செல்லும்.

குடும்பத்தில் கல்லெறிந்தது ஓ.என்.ஜி.சி. காவிரிப் படுகைக்கான அதன் அலுவலகம் நெரவியில்தான் இருக்கிறது. வடக்கேயிருந்து வந்த ஊழியர் ஒருவர், நெற்றி நிறையத் திருநீறு பூசிய மாஸ்டரைப் பார்த்து, “பாய், ஏக் சாய்” என்றார். மாஸ்டர் பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த நிஜ பாயைப் பார்த்தார். அவர் தலை நிமிராமல், “ஒங்களத்தான் கூப்புடுறாரு” என்றார். அன்று முதல் மாஸ்டர் எல்லோரையும் ‘ஜி’ ஆக்கிவிட்டார். மூத்தவரா இளையவரா என்று ‘ஜி’ கேட்காதே!

1739-இல் காரைக்காலுக்கு வந்து 1954-இல் கிளம்பிய பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன அழைப்பு ‘சொல்தா’. பிரெஞ்சு ராணுவ பென்ஷன்காரர் அங்கே என்ன பதவியில் இருந்திருந்தாலும் ஊருக்குச் சிப்பாய்தான். அவர் வீடு சொல்தா வீடு. அவர் பேரன், துப்பாக்கியைச் சினிமாவில் மட்டுமே பார்த்தவன், அவனும் சொல்தா வீட்டுப் பையன்.

ஆனால் முறை வைப்பதில் மீன்காரம்மாவை யாரும் மிஞ்ச முடியாது. கூடையை இறக்கும்போது நான் ‘சார்’. வாவலின் செவுளைத் தூக்கிப் பார்த்தால் ‘அண்ணே’. விலை கேட்டால் ‘தம்பி’. பாதி விலைக்குக் கேட்டேனோ, “யோவ், ஒனக்கெல்லாம் மத்திதான்யா.” வயது ஏறுவதும் இறங்குவதும் அந்தக் கூடையோரம்தான்.

நடுவில் ‘தல’ ஓடியது. 2001-இல் ‘தீனா’ படத்தில் கிளம்பிய பட்டம். தன்னை அப்படி அழைக்க வேண்டாமென்று 2021 டிசம்பரில் அஜித்தே அறிக்கை விட்டார். அது எங்கள் பக்கம் சரியாக வந்து சேரவில்லை போலிருக்கிறது. கைமாற்று கேட்பவர்கள் இன்னும் “தல...” என்றுதான் இழுக்கிறார்கள்.

இப்போது ‘ப்ரோ’. எங்கள் காலத்தில் ஒருவனை ‘மச்சான்’ என்றால் கற்பனையிலாவது ஒரு தங்கை தேவைப்பட்டாள். ப்ரோவுக்குச் சொந்தபந்தமே வேண்டாம். பார்சல் கொண்டுவந்த பையன் வாசலில் என்னைப் பார்த்து, “ப்ரோ, பார்சல்” என்றான். திண்ணையில் இருந்த அப்பாவிடம், “கொஞ்சம் நகருங்க ப்ரோ” என்றான்.

அப்பா பழைய கணக்கப்பிள்ளை. கூட்டிக்கழித்துப் பார்த்துவிட்டு, “இவன் எனக்கும் தம்பி, ஒனக்கும் தம்பின்னா, நீ எனக்கு என்னடா முறை?” என்றார்.

பையனுக்கு அவசரம். “ஓ.டி.பி. சொல்லுங்க ப்ரோ.”