வில்லன் இல்லாமல் கதை நடக்குமா?

கேள்வி: கதையில் மோதல் என்றாலே மாணவர்கள் சண்டைக் காட்சி எழுதுகிறார்களே, ஆசிரியர் என்ன செய்வது?

பதில்: சினிமா பார்த்து வளர்ந்த பிள்ளைகள், கன்னத்தில் மருவோடு வில்லன் வந்தால்தான் நம்புவார்கள்! ஹெமிங்வேயின் 'கிழவனும் கடலும்' (1952) நாவலைக் கொடுத்துப் பார்க்கலாம். 84 நாள் மீன் படாத கியூபாக் கிழவர் சாந்தியாகோ, 85ஆம் நாள் தூண்டிலில் மாட்டிய மார்லினோடு மல்லுக்கட்டுகிறார். "மனிதனுக்கும் இயற்கைக்கும்!" என்று வகுப்பே கூவும். அங்கே நிறுத்தக்கூடாது. சகோதரன் என்று நினைக்கும் மீனை அவர் ஏன் கொல்கிறார்? இடக்கை விறைத்துப்போன பிறகும் கயிற்றை ஏன் விடவில்லை? இப்போது மோதல் கிழவரின் மனத்துக்குள் ஏறிவிடும்.

அடுத்து நம் சிலப்பதிகாரம். கணவனைத் தவறாகக் கொன்றதற்கு நீதி கேட்டு, கண்ணகி நேரே பாண்டியனின் அரசவைக்கே போனவள். தனிமனிதருக்கும் ஆட்சிக்கும் மோதல், சுலபம்.

தவறு தெரிந்ததும் பாண்டியன் உயிர்விடுகிறானே, அது எந்த வகை? இதை இரண்டு மதிப்பெண் கேள்வியாகக் கேட்டால் மாணவர்கள் ஆசிரியரோடு மோதுவார்கள்.