ஆயிரம் பேர் பேசும் இடம்
(கேள்வி-பதில்)

கேள்வி: எங்கள் ரஸபாளே வாழைக் குழு வாட்ஸ்அப்பில் நிரம்பி வழிகிறது. வாடல் நோய்க்கு என்ன செய்வது என்ற ஒரே கேள்வி மாதந்தோறும் வருகிறது. பதில் சொன்னவர்கள் களைத்துவிட்டார்கள், கேட்பவர்கள் களைக்கவில்லை. என்ன செய்யலாம்?
(நஞ்சன்கூடு வாசகர்)

பதில்: தங்கள் சங்கடம் இட நெருக்கடியினால் மட்டும் விளைந்ததன்று. வாட்ஸ்அப் குழுவின் உச்ச வரம்பு 2022-ஆம் ஆண்டில் 256-லிருந்து 512 ஆகவும், அவ்வாண்டு முடிவதற்குள் 1024 ஆகவும் உயர்ந்தது. நாளை அது பதினாயிரமாகவே உயர்ந்தாலும் தங்கள் சிரமம் பதின்மடங்காகுமேயன்றித் தீராது. புதிதாகச் சேர்பவருக்கு முன் நடந்த சம்பாஷணை முழுவதும் கிட்டுவதில்லை. பழைய அங்கத்தினருக்கோ, காலை வணக்கங்களுக்கும் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் அடியில் புதைந்து கிடக்கும் ஒரு நல்ல விடையைத் தோண்டி எடுக்கும் பொறுமை இருப்பதில்லை. புவிசார் குறியீடு பெற்ற தங்கள் ஊர் வாழையை வாட்டிவரும் பனாமா வாடல் நோயின் பூஞ்சை, மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடிருக்க வல்லது. நோய்க்கு அத்தனை தீர்க்காயுசு இருக்கையில், அதைப் பற்றிய விடை மட்டும் மறுநாள் பொழுது விடிவதற்குள் மறைந்துவிடலாமா? ஆகவே, பேச்சைத் தலைப்பு வாரியாக இழைகளாகப் பிரித்து, ஒவ்வொரு விடைக்கும் நிலையான முகவரி தந்து, தேடுவோருக்கு எடுத்துக் கொடுக்கும் மன்ற மென்பொருள் ஒன்றே தங்களுக்கு ஏற்றது. கேள்வி மறுபடி வரும். ஆனால் பதில் சொல்பவர் அந்த முகவரியை அனுப்பிவிட்டுத் தோட்டத்துக்குப் போகலாம்.

கேள்வி: இன்று முந்நூறு பேர். ஐயாயிரம் பேர் வந்தால் மென்பொருள் தாங்குமா?
(அதே வாசகர்)

பதில்: தங்கள் ஊரில் கபினி ஆற்றின் குறுக்கே 1735-இல் எழுந்த பாலம், ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு கழித்து வந்த ரயிலையும் சுமந்தது என்பது கட்டியவர்களின் கைவண்ணம். மென்பொருள் விஷயத்தில் அத்தகைய அதிருஷ்டத்தை எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. பாரம் எங்கே விழும் என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்ளலாம். பதிவேட்டில் எத்தனை பெயர் இருக்கிறது என்பதைவிட, ஒரே சமயத்தில் எத்தனை பேர் பக்கத்தைத் திறக்கிறார்கள், எத்தனை பேர் தேடுகிறார்கள், எத்தனை படங்களை ஏற்றுகிறார்கள் என்பனவே சர்வரை வருத்துகின்றன. தங்கள் ஊர்ப் பெரிய ஜாத்திரையன்று ஐந்து தேர்களின் படங்களை அனைவரும் ஒரே மாலையில் ஏற்றுவார்களானால், அந்த மாலையை உத்தேசித்தே தாங்கள் கணக்குப் போட வேண்டும். வருஷத்தின் சராசரி நாள் அதற்கு உதவாது. ஐயாயிரம் அங்கத்தினர் என்பது இன்றைய பிரதான மன்ற மென்பொருள் எதற்கும் பெருஞ்சுமையன்று. நினைவகத்தையும் வட்டு இடத்தையும் வேண்டியபோது கூட்டிக்கொள்ள அனுமதிக்கும் ஹோஸ்டிங்கைத் தேர்ந்துகொண்டால், அச்சத்தில் பாதி அகன்றுவிடும்.

கேள்வி: பெரிய நிறுவனங்கள் இலவசமாகவே குழு நடத்தத் தருகின்றனவே? ஏன் காசு செலவழிக்க வேண்டும்?
(கோயம்புத்தூர் வாசகி)

பதில்: அம்மணி, இந்தக் கேள்விக்குச் சற்று விஸ்தாரமாகவே பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், இணையத்தில் தமிழில் எழுதுவதே ஒரு வித்தையாக இருந்த காலத்தில், மரத்தடி என்றும் ராயர் காபி கிளப் என்றும் அழகான பெயர்களைச் சூட்டிக்கொண்டு, கடல் கடந்தும் உள்ளூரிலும் வாழ்ந்த தமிழர்கள் யாஹூ குழுமங்களில் கூடி இலக்கியம் பேசினார்கள், சண்டையிட்டார்கள், சமாதானமும் ஆனார்கள். அந்தப் பேச்சு நடந்த இடமோ பிறருடையது. 2019-ஆம் ஆண்டு யாஹூ நிறுவனம் குழுமங்களின் சேமிப்பை அழிக்கப்போவதாக அறிவித்தது. 2020 டிசம்பர் 15-ஆம் தேதியோடு அந்தச் சேவையே முடிவுற்றது. அதற்கு முன்பே, 2014 செப்டம்பர் 30-இல், ஆர்குட் தன் கதவைச் சாத்தியிருந்தது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் பொதுமக்களுக்கு மூடப்பட்டது. இந்த நிறுவனங்களைக் குறை கூறுவது என் நோக்கமன்று. அவை தமக்குப் பிரயோஜனம் இல்லாத கடையைக் கட்டின. ஆனால் ஒரு ஜனசமூகம் ஆண்டுக்கணக்கில் பேசிச் சேர்த்த அறிவு, அயல்நாட்டில் கூடும் ஒரு நிர்வாகக் குழுவின் தீர்மானத்தினால் அழியும்படி விடுவது, பேசியவர்களுக்கும் இனிப் படிக்கப்போகிறவர்களுக்கும் நாம் இழைக்கும் அநீதி என்று உறுதியாகக் கருதுகிறேன். மாதந்தோறும் செலுத்தும் சிறு வாடகை, அந்தப் பேச்சு நம் கையில் இருப்பதற்கான விலை.

ஆதலால் எந்த மென்பொருளைக் கண்டாலும் முதற்கண் ஒரு கேள்வி கேளுங்கள்: “நான் வெளியேற நினைத்தால் என் பேச்சு முழுவதையும் எடுத்துக்கொண்டு போக முடியுமா?” பிஎச்பிபிபி 2000-ஆம் ஆண்டில் பிறந்தது; டிஸ்கோர்ஸ் 2013-இல் அறிமுகமாயிற்று. இரண்டும் திறந்த மூல மன்ற மென்பொருள்கள். தரவுத்தளம் தங்கள் வசமே இருக்கும். டிஸ்கோர்ஸில் பதிவுகளையும் ஏற்றிய படங்களையும் ஒரே பேக்கப் கோப்பில் அடக்கலாம். பிஎச்பிபிபியில் தரவுத்தளம் தனியாகவும் இணைப்புக் கோப்புகள் தனியாகவும் இருப்பதால், ஒன்றை எடுத்து மற்றதை மறந்துவிடக் கூடாது. மறந்தவர்களின் மன்றத்தில் “இதோ படம்” என்ற வாசகம் இருக்கும், படம் இராது. எடுத்த பேக்கப்பை வேறொரு கணினியில் மீட்டுப் பார்க்கும் வரையில் அதைப் பேக்கப் என்று நம்ப வேண்டாம்.

கேள்வி: எங்கள் குழுவில் தமிழும் கன்னடமும் கலந்து வரும். தேடினால் கிடைக்குமா?
(மைசூர் வாசகர்)

பதில்: எழுத்தைப் பற்றிக் கவலை வேண்டாம்; யூனிகோடு இரு மொழிகளையும் சமமாகவே உபசரிக்கிறது. ஒரு கண்ணி மட்டும் உண்டு: மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் யூடிஎஃப்8 என்ற பழைய வகை ஓர் எழுத்துக்கு மூன்று பைட் வரையே இடம் தரும். தமிழெழுத்தும் கன்னட எழுத்தும் மூன்று பைட்டில் அடங்கும். நான்கு பைட் கேட்கும் சிரிப்பு முகங்கள் அடங்கா. ஆகவே யூடிஎஃப்8எம்பி4 வகையை நிறுவும்போதே கேட்டு வாங்குங்கள்.

தேடல்தான் கடினம். வாழையை, வாழைக்கு, வாழையின் என்று ஒரு சொல் பல வேற்றுமைகளை ஏற்று நிற்கையில், ஆங்கிலத்தை மனத்தில் கொண்டு எழுதிய தேடுபொறி திகைத்துவிடுகிறது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் தமிழ்ச் சொற்களின் விகுதிகளைக் களைந்து தேடும் வசதி, 2019-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து உள்ளது. ஆனால் தாங்கள் நிறுவும் மன்றம் அதை உபயோகிக்கிறதா என்பதைச் சோதித்தே அறிய வேண்டும். நூறு பதிவுகளை ஏற்றி, தங்கள் அங்கத்தினர் எப்படித் தட்டுவார்களோ அப்படியே தட்டித் தேடிப் பாருங்கள். விளம்பரத்தில் உள்ள சொற்களைவிட அந்தச் சோதனை அதிகம் சொல்லும்.

கேள்வி: கூட்டம் பெருத்தால் வம்பும் பெருகுமே?
(ஈரோடு வாசகர்)

பதில்: பெருகும். புதியவர் சேர்ந்தவுடனே ஏராளமான சுட்டிகளையும் படங்களையும் பதிக்க விடாமல், பழகப் பழக அதிகாரத்தைக் கூட்டும் நம்பிக்கை நிலைகள் டிஸ்கோர்ஸில் உண்டு. விளம்பரக்காரர்களில் பெரும்பாலோர் அந்த வாசலிலேயே அலுத்துப் போவார்கள். எஞ்சியவர்களுக்கு, நிதானமும் ஓய்வும் உள்ள மட்டுறுத்துநர் இருவரேனும் வேண்டும். நம் நாட்டின் 2021-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகள், குறைதீர்க்கும் அலுவலரின் பெயரையும் தொடர்பு முகவரியையும் வெளியிடச் சொல்கின்றன. அதையும் ஆரம்பத்திலேயே செய்துவிடுங்கள்.

கேள்வி: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: எதை எடுப்பது?
(மறுபடியும் நஞ்சன்கூடு வாசகர்)

பதில்: கணினி நிர்வாகம் தெரிந்த ஓர் அங்கத்தினரும், குறைந்தது ஒரு ஜிபி நினைவகமுள்ள சர்வருக்கு மாத வாடகையும் இருந்தால் டிஸ்கோர்ஸ். சாதாரண ஹோஸ்டிங்கும் மெதுவான தொலைபேசிகளும்தான் உள்ளனவென்றால் பிஎச்பிபிபி. பிற்பாடு வளர்ந்தால், அதிலிருந்து டிஸ்கோர்ஸுக்குப் பதிவுகளைக் கொண்டுசெல்ல இறக்குமதி நிரல்கள் உள்ளன. எதை எடுத்தாலும், அந்த வாடல் நோய் விடைகளை வாட்ஸ்அப்பிலிருந்து இந்த வாரமே ஏற்றுமதி செய்து, முதல் இழையாகப் பதித்துவிடுங்கள்.