குனிந்து அடியில் பாருங்கள்

1989 செப்டம்பர் 30 அன்று வட ஆற்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிந்தது. புது மாவட்டத்துக்கு அப்போது திருவண்ணாமலை சம்புவராயர் என்று பெயர். வேலூரிலிருந்து கோப்புக் கட்டுகள் வந்தன. கூடவே எழுத்தர்களும் வந்தார்கள். அவர்களில் ஒருவர் என் அப்பா. எனக்கு அப்போது ஒன்பது வயது.

வேலூரில் இருந்தது கூட்டுக் குடும்பம். கட்டில், பீரோ, பெஞ்சு எல்லாம் தாத்தாவுடையவை. சுமார் 80 கிலோமீட்டர் தாண்டி வந்து இறங்கியபோது எங்களிடம் நான்கு பாய்கள், ஒரு டிரங்குப் பெட்டி, சமையல் பாத்திரங்கள். கோயிலுக்குக் கிழக்கே ஒரு சந்தில் இரண்டு அறை வாடகை வீடு. பால் காய்ச்சிய மறுநாளே அப்பா பழைய சாமான் கடைக்குக் கிளம்பினார். தெரிந்த ஆசாரி ஒருவரையும் என்னையும் கூட்டிக்கொண்டார்.

பாலிஷ் மின்னிய மேசை ஒன்றின் முன்னால் அப்பா நின்றுவிட்டார். ஆசாரி அவர் தோளைத் தொட்டார். “சார், மேலே பாக்காதீங்க. குனிஞ்சு அடியில பாருங்க.” மூவரும் குனிந்தோம். மேல்பலகை தேக்கு, அடிச்சட்டம் ஏதோ வெள்ளை மரம். கால் ஓரத்தில் அரிசி மாவு தூவியதுபோல் தூள். “உளுத்துடுச்சு. மரத்துல வெளுப்பைத்தான் பூச்சி முதல்ல தின்னும். வைரம் பாஞ்ச மரத்துக்கிட்ட அவ்வளவு சுலபமா போகாது.”

கடைசியில் ஒரு நாடாக் கட்டில் கிடைத்தது. வேங்கைச் சட்டம். நாடா தொய்ந்து தொட்டில்போல் கிடந்தது. ஆசாரி சட்டத்தின் மூலையை என்னிடம் காட்டினார். அங்கே உளியால் ஒரு கீறல். அது சேரும் காலிலும் ஒரு கீறல். அடுத்த மூலையில் இரண்டு, அதற்கடுத்து மூன்று, பிறகு நான்கு. “இந்தக் காலுக்கு இந்தச் சட்டம்தான் சேரும், பாப்பா. இதைப் பிரிச்சு வேற வீட்டுல பூட்டுவாங்கன்னு செஞ்சவனுக்கு அன்னைக்கே தெரியும்.”

அம்மா அதை வாசற்படி தாண்ட விடவில்லை. “யார் படுத்த கட்டிலோ! எந்த வீட்டில் என்ன ஆச்சோ!” இறந்தவர் படுத்த கட்டிலை வீட்டுக்குள் சேர்க்க நம் வீடுகளில் இன்றும் தயங்குவார்கள். அவள் பயம் எனக்கு இப்போது புரிகிறது. மாற்றலாகிப் போகும் குடும்பம் விற்ற கட்டில் என்று கடைக்காரரிடம் கேட்டு வந்து அப்பா சொன்ன பிறகே இறங்கி வந்தாள். மூட்டைப்பூச்சிக்காக இடுக்கிலெல்லாம் கொதிக்கும் வெந்நீர் ஊற்றினாள். இரண்டு நாள் மொட்டை மாடி வெயில். பிறகு மஞ்சள் நீர். நாடாவை இழுத்துக் கட்டியதும் கட்டில் விறைத்து நின்றது. வேலூரிலிருந்து உறவினர் வந்தால் மட்டும் தரைவரை தொங்கும்படி போர்வை விரிப்பாள். பழசு என்று யாரிடமும் சொல்லக் கூடாது என்று எனக்கும் உத்தரவு. சில வருடம் கழித்து அப்பாவுக்கு மீண்டும் மாற்றல் வந்தது. கட்டில் வேறொரு எழுத்தர் வீட்டுக்குப் போனது.

பல வருடம் சென்னையில் இருந்துவிட்டு, போன வருடம் திருவண்ணாமலைக்கே திரும்பினேன். வேங்கிக்காலில், ஆட்சியர் அலுவலகம் இருக்கும் பக்கம், இரண்டாம் மாடியில் ஒரு பிளாட். அவசரத்தில் புது அலமாரி ஒன்று வாங்கினேன். ஐப்பசி மழையில் சுவர் ஓதம் காத்தது. அலமாரியின் அடிப்பலகை பாலில் நனைத்த ரஸ்க்போல ஊதியது. இடம் மாற்றலாம் என்று திருகாணியைக் கழற்றினால், மறுபடி ஏறவில்லை. துளையிலிருந்து தூள் கொட்டியது. மரத்துகளைப் பசையால் அழுத்திச் செய்த பலகை அது. திருகாணியை இறுக்கிப் பிடிக்க அதில் மரத்தின் நார் இல்லை. ஒரு வீட்டுக்கு மேல் பார்க்க முடியாத சாமான். ஆசாரியின் குரல் அப்போதுதான் காதில் விழுந்தது.

பழைய சாமான் தேடி செங்கம் ரோடு பக்கம் போனேன். 1896 செப்டம்பர் 1 அன்று பதினாறு வயதுப் பையன் ஒருவன் இந்த ஊருக்கு வந்து, கையில் மிஞ்சிய காசை அய்யங்குளத்தில் எறிந்தான். அவன்தான் ரமணர். அவரைத் தேடிப் பல நாட்டவர்கள் நவம்பர் வாக்கில் வருகிறார்கள். செங்கம் ரோட்டில் அவர் பெயரால் உள்ள ஆசிரமத்தைச் சுற்றி வீடு பிடிக்கிறார்கள். மார்ச் வெயில் ஏறும்போது ஒரு பெட்டியோடு கிளம்புகிறார்கள். மேசை, மெத்தை, அடுப்பு, புத்தக அலமாரி எல்லாம் பின்தங்கி நிற்கின்றன. எல்லாவற்றையும் விட்டவரைத் தேடி வந்தவர்கள் விட்டுப்போனவற்றைக் கொண்டு இங்கே புதுக் குடித்தனங்கள் தொடங்குகின்றன. இது எனக்கு நிறைவு தரும் காட்சி.

வருத்தமும் ஒன்று உண்டு. கடையில் பெரிய ஊர்களிலிருந்து வந்தவர்கள் பழங்கதவையும் நாடாக் கட்டிலையும் ‘விண்டேஜ்’ என்று விலை ஏற்றிக் கேட்கிறார்கள். என் அம்மா போர்வையால் மறைத்ததை அவர்கள் கூடத்தில் காட்சிக்கு வைக்கிறார்கள். பழைய மரம் காப்பாற்றப்படுகிறது, சரி. ஆனால் இன்று மாற்றலாகி வரும் ஒரு எழுத்தருக்கு உறுதியான பழசு எட்டாமல் போய், தவணையில் வாங்கிய தூள்பலகை மிஞ்சுகிறது. தவணை முடியும் முன் அது ஊதிவிடும். கையில் கொஞ்சமே வைத்துக்கொண்டு குடித்தனம் தொடங்குபவர்களுக்குப் பழைய சாமான் கடை ஒரு பெரிய துணை. அது அவர்களுக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

நான் குனிந்து குனிந்து பார்த்தேன். ஒரு மூலையில், தூசி படிந்த நாடாக் கட்டில். விரலால் துடைத்தேன். ஒரு கீறல். மறுபக்கம் இரண்டு. எங்கள் கட்டில் இல்லை. வேறு ஆசாரி, வேறு மரம். அதே எண்ணம்.

“அக்கா, நாளைக்குப் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துல வண்டி உள்ள வராது. இன்னைக்கே ஏத்திடலாம்” என்றான் கடைப் பையன். அன்று மாலையே குட்டி யானை வண்டியில் கட்டில் வந்தது. படிக்கட்டுத் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. கீழேயே வைத்துப் பிரித்தோம். சட்டம் சட்டமாக மேலே தூக்கி, கீறல்களைப் பார்த்துப் பூட்டினோம். ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு இரண்டு. ஆட்டமே இல்லை.

மறுவாரம் அம்மா வந்தாள். முழங்காலில் கை ஊன்றி, மெல்லக் குனிந்து, கட்டிலின் அடியைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள். நான் கொண்டுவந்த போர்வையை வாங்கி, விரிக்காமல், மடித்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள்.