மேலே ஸ்க்ரோல் பண்ணிப் பாருங்க, துரை!

எங்கள் மாடித்தோட்ட வாட்ஸ்அப் குரூப்பில், காலையில் பால் பாக்கெட் வருகிற மாதிரி தினம் ஒரு கேள்வி வந்து விழும்: "தக்காளி இலை சுருண்டுக்குது, என்ன பண்ணலாம்?" கூடவே கலங்கலாக ஒரு போட்டோ. இரண்டே நிமிடத்தில் அட்மின் அண்ணன் ஆஜராவார். "மேலே ஸ்க்ரோல் பண்ணிப் பாருங்க. போன வாரமே பேசியாச்சு." பக்கத்தில் ஒரு கும்பிடும் கை. பார்த்தால் கும்பிடு மாதிரிதான் இருக்கும். உண்மையில் அது காதைத் திருகுகிற கை.

இந்தக் காது திருகல் செல்போனோடு பிறந்தது என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். கிடையாதாம். முந்நூறு வருஷத்துக்கு முன்னாலேயே லண்டனில் ஒரு ஆசாமி இதை ஆரம்பித்துவிட்டார். அதுவும் யார்? ஊரெல்லாம் கடன் வாங்கிவிட்டு ஒளிந்து திரிந்த ஒரு புத்தக வியாபாரி!

பெயர் ஜான் டன்டன். அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா மூவரும் பாதிரியார்கள். பையனும் அங்கி மாட்டுவான் என்று குடும்பமே காத்திருந்தது. பையன் கிரேக்க மொழியைப் பார்த்தான், கிரேக்க மொழி பையனைப் பார்த்தது, இரண்டுக்கும் ஒத்துவரவில்லை. சரி, படிக்க வராவிட்டால் என்ன, விற்க வரும் என்று புத்தகக் கடையில் வேலை கற்க அனுப்பிவிட்டார்கள். கிரேக்கத்துக்குப் பயந்து ஓடிய இதே ஆள், பிற்காலத்தில் தன் பத்திரிகைக்கு வைத்த பெயரில் ஏதென்ஸ் இருக்கும். வெட்கமா? அதெல்லாம் அவர் கடையில் ஸ்டாக் இல்லை.

கடனின் லட்சணத்தையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1686-இல் அமெரிக்காவின் பாஸ்டன் வரைக்கும் போய்ப் புத்தகம் விற்றுப் பார்த்தார். திரும்பி வந்தால் கடன்காரர்கள் காத்திருந்தார்கள். பத்து மாதம் வீட்டுக்குள்ளேயே பதுங்கிக் கிடந்தார். மாமனார் ஊரறிந்த பிரசங்கியார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய பிரசங்கத்தைக் கேட்டே ஆக வேண்டும் என்று மனுஷனுக்கு ஆசை வந்துவிட்டது. மனைவியின் உதவியோடு பெண் வேஷம் கட்டிக்கொண்டு கிளம்பினார். பிரசங்கம் நல்லபடியாக முடிந்தது. திரும்பி வரும்போதுதான், "ஏய், பொம்பளை டிரஸ்ஸில் ஆம்பளை!" என்று ஒருவன் கூவ, தெருவே துரத்த, பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டம். இத்தனையும் தன் சுயசரிதையில் அவரே எழுதி வைத்தது. எழுதியது எப்போது? மறுபடி கடன்காரர்களுக்குப் பயந்து ஒளிந்திருந்தபோது.

இந்த மகான் 1691-இல் ஒருநாள் நண்பர்களோடு வயல்வெளியில் நடந்துகொண்டிருந்தவர், சடாரென்று நின்றார். மூளையில் ஒரு ஐடியா உதித்துவிட்டதாம். ஐம்பது கினி கொடுத்தாலும் விற்க மாட்டேன் என்றார். ஐடியா ரொம்ப சிம்பிள். யார் வேண்டுமானாலும், பெயரே போடாமல், எதைப் பற்றி வேண்டுமானாலும் கேள்வி அனுப்பலாம். மகா பண்டிதர்களின் சங்கம் ஒன்று கூடி யோசித்து இலவசமாகப் பதில் அச்சிடும். வாரப் பத்திரிகைகளில் 'அரசு பதில்க'ளும் 'ஹாய் மத'னும் படித்து வளர்ந்த நமக்கு இதில் என்ன அதிசயம் என்று தோன்றும். அன்றைக்கு லண்டன் ஆடிப்போனது.

பத்திரிகை பெயர் 'அதீனியன் மெர்க்குரி'. ஒரே தாள், இரண்டு பக்கம், விலை ஒரு பென்னி. கேள்விகளைப் போட வேண்டிய இடம் ஒரு காபிக்கடை. சங்கத்தின் உறுப்பினர்கள் என்று ஒரு டஜன் அறிஞர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிற படம்கூட வெளியிட்டார்கள். நிஜத்தில் எத்தனை பேர்? மூன்று. டன்டன் ஒன்று. ரிச்சர்ட் சால்ட் என்ற கணக்கு வாத்தியார் ஒன்று. சாமுவேல் வெஸ்லி என்ற கிராமத்துப் பாதிரியார் ஒன்று. அவர் டன்டனுக்குச் சகலை. ஜான் நாரிஸ் என்ற தத்துவக்காரர் அவ்வப்போது கை கொடுத்தார், ஆனால் உறுப்பினராகச் சேர மாட்டேன் என்றுவிட்டார். ஆக, ஃபேக் ப்ரொஃபைல் வைத்துக்கொண்டு நிபுணர் வேஷம் போடுகிற கலையிலும் இவர்கள்தான் முன்னோடி.

கேள்விகள் மழையாகக் கொட்டின. ஆதாமும் ஏவாளும் அத்தி இலையைத் தைக்க ஊசி நூலுக்கு எங்கே போனார்கள்? நான் இப்போது கனவு காண்கிறேனா, விழித்திருக்கிறேனா, எப்படித் தெரிந்துகொள்வது? மனைவியை அடிக்கச் சட்டத்தில் இடமுண்டா? காபிக்கடைக்காரருக்குக் காபி ஆற்ற நேரமிருந்ததோ என்னவோ, கடிதம் பிரிக்கவே ஆள் போட வேண்டிய நிலை. மூன்று பண்டிதர்களும் மூச்சு முட்டிப்போய், ஐயா சாமிகளா, இருக்கிறதை முடிக்கிற வரைக்கும் புதுசாக அனுப்பாதீர்கள் என்று அறிவிப்பே போட்டார்கள்.

மக்கள் யோக்கியர்கள். புதுசாக அனுப்பவில்லை. பழைய கேள்விகளையே அனுப்பினார்கள்!

பத்திரிகைக்கு அந்தப் பெயர் வந்த கதை தெரிந்தால் இது இன்னும் இனிக்கும். ஏதென்ஸ்காரர்களுக்குப் புதுச் சேதி கேட்பதையும் சொல்வதையும் தவிர வேறு ஜோலி கிடையாது என்று பைபிளில் ஒரு நையாண்டி உண்டு. அதிலிருந்து எடுத்த பெயர் இது. 'புதுசு புதுசாக' என்று போர்டு மாட்டிய கடையில் தினமும் அதே காதல், அதே கல்யாணம், அதே மாமியார். பண்டிதர்களுக்குக் கோபம் வராதா? இதற்கு முன்பே பதில் சொல்லியாயிற்று, இன்ன தொகுதியில் இன்ன இதழைப் பார்த்துக்கொள்ளவும் என்று வெடுக்கென்று போட ஆரம்பித்தார்கள். முப்பது இதழ்களைச் சேர்த்து ஒரு தொகுதியாகக் கட்டி, பின்னால் அட்டவணையும் சேர்த்தார்கள். ஆஹா, என்ன ஒரு சேவை என்கிறீர்களா? அந்தத் தொகுதி எங்கே கிடைக்கும்? டன்டன் கடையில். காசு கொடுத்தால். அதாவது, மேலே ஸ்க்ரோல் பண்ணச் சொல்லிவிட்டு ஸ்க்ரோலுக்குக் கட்டணம் வசூலித்த முதல் அட்மின்.

இந்தப் பண்டிதர் மண்டலியை நிஜமென்று நம்பி ஏமாந்தவர்களில் இருபத்து நான்கு வயது இளைஞர் ஒருவர் இருந்தார். சங்கத்தை வானளாவப் புகழ்ந்து ஒரு நீளமான கவிதை எழுதி அனுப்பினார். 1692-இல் அது அச்சேறியது. அவருடைய எழுத்து அச்சில் வந்தது அதுதான் முதல் முறை. அதைப் படித்த கவிஞர் டிரைடன், தம்பி, உனக்குக் கவிதை வராது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டதாக ஒரு கதை உண்டு. டிரைடன் அவருக்கு உறவு வேறு. இளைஞரின் பெயர் ஜானதன் ஸ்விஃப்ட். ஆமாம், பின்னால் கலிவரை லில்லிபுட்டுக்கு அனுப்பிய அதே ஸ்விஃப்ட். விவரம் புரிந்த பிறகு, 1704-இல் வந்த தன் நையாண்டிப் புத்தகத்தில் டன்டனையும் இழுத்து ஒரு குத்து குத்தினார். குரூப்பில் ஜாயின் ஆன அன்று 'குருவே சரணம்' போட்டவர்தான் எக்ஸிட் ஆகும்போது பெரிய மெசேஜாக எழுதிவிட்டுப் போவார், கவனித்திருக்கிறீர்களா?

உச்சக்கட்டம் இனிமேல்தான். டன்டன் நன்றாகக் கல்லா கட்டுவதைப் பார்த்த டாம் பிரவுன் என்ற குறும்புக்கார எழுத்தாளர், அதே 1692-இல் போட்டிக்கு ஒரு கேள்வி-பதில் பத்திரிகை தொடங்கினார். ஏதென்ஸுக்கு எதிரி ஸ்பார்ட்டா இல்லையா? அதனால் பெயர் 'லாசிடிமோனியன் மெர்க்குரி'. டன்டனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன செய்தார் தெரியுமா? பிரவுன் பதில் சொன்ன அத்தனை கேள்விகளுக்கும் நாங்கள் மறுபடி, திருத்தத்தோடு, பதில் சொல்வோம் என்று விளம்பரம் கொடுத்தார்! கூடுதல் இணைப்பாக, டாம் பிரவுனின் வாழ்க்கை வரலாறும் வெளிவருமாம். பிரவுன் வெலவெலத்துப்போய்ச் சமாதானத்துக்கு வந்துவிட்டார். எதைப் பார்த்துப் பயந்தார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, வாழ்க்கை வரலாறுதான். ஆனால் கேட்டதையே கேட்காதே என்று வாசகன் காதைத் திருகிய மனிதர், சொன்னதையே சொல்வேன் என்று எதிரியை மிரட்டினார் பாருங்கள், அங்கேதான் நான் எழுந்து நின்று கை தட்டுகிறேன்.

1697-இல் கடை மூடப்பட்டது. ஆறாயிரத்தை எட்டுகிற அளவுக்குப் பதில் சொல்லியிருந்தார்கள். பிறகு 1703-இலிருந்து அதே பழைய பதில்களை 'அதீனியன் ஆரக்கிள்' என்று புத்தகமாகப் போட்டார்கள். ஜனங்கள் வாங்கினார்கள். மறுபதிப்பெல்லாம் போயிற்று. அரைத்த மாவை அரைத்தால் குற்றம், பாக்கெட்டில் போட்டு விற்றால் வியாபாரம்.

அப்படியே ஒன்றரை நூற்றாண்டு தாண்டிக் குதித்தால், 1849 நவம்பர் 3. அதே லண்டன். வில்லியம் ஜான் தாம்ஸ் என்ற குமாஸ்தா, பழமை ஆராய்ச்சிப் பைத்தியங்களுக்கென்றே ஒரு வாரப் பத்திரிகை ஆரம்பிக்கிறார். பெயர் 'நோட்ஸ் அண்ட் குவரீஸ்'. கேட்கிறவர்களும் வாசகர்களே, பதில் சொல்கிறவர்களும் வாசகர்களே. பாதிப் பேர் சொந்தப் பெயரில் எழுத மாட்டார்கள். இனிஷியல், புனைபெயர், லத்தீன் பட்டம். யூசர் நேம்தான், வேறென்ன?

இங்கேயும் கேட்டதையே கேட்கிற அதே வியாதி, ஆனால் டன்டன் மாதிரி வெடுக்கென்று சொல்வது கிடையாது. விக்டோரியா காலத்துக் கனவான்கள் அல்லவா! 'முதல் வரிசை, இத்தனாவது தொகுதி, இத்தனாவது பக்கம்' என்று எண்களை மட்டும் எழுதுவார்கள். ஒரு திட்டு கிடையாது, ஒரு ஆச்சரியக்குறி கிடையாது. கேட்டவர் அலமாரியைத் திறந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தால், பல வருஷத்துக்கு முன்னாலேயே வேறொரு பாதிரியார் அதே கேள்வியைக் கேட்டு, மூன்று பேர் பதில் சொல்லி, நான்காமவர் மறுத்துச் சண்டை போட்டிருப்பார். எண்களாலேயே ஒரு மனிதனைக் கூச வைக்க முடியும் என்பதை வருமான வரித்துறைக்கு முன்பே கண்டுபிடித்தவர்கள் இவர்கள்.

'எங்கள் ஊர்ப் பாட்டிக்கு வயது நூற்றுச் சொச்சம்' என்று ஆளாளுக்கு நாலா பக்கமும் பீற்றிக்கொண்டிருந்ததில் தாம்ஸ் கடுப்பாகி, 1873-இல் அதைத் தோலுரிக்கவே தனிப் புத்தகம் போட்டார் என்பது துணைக்கதை. பாட்டிகள் அசரவில்லை.

தாம்ஸை நான் இழுத்ததற்குக் காரணம் வேறு. நாட்டார் வழக்கைக் குறிக்கிற 'ஃபோக்லோர்' என்ற இங்கிலீஷ் வார்த்தையை 1846-இல் உருவாக்கியவர் இவர்தான். அந்த வார்த்தையைப் பெயரில் வைத்துக்கொண்டு, 1990-களின் தொடக்கத்தில், கம்ப்யூட்டர்க்காரர்களின் யூஸ்நெட்டில் ஒரு அரட்டைக் குழு இருந்தது: ஆல்ட்.ஃபோக்லோர்.அர்பன். நகரத்துப் புரளிகளை அலசும் குழு. அங்கே பழைய பெருச்சாளிகளுக்குப் போரடித்தால் ஒரு விளையாட்டு. நூறு முறை அலசித் துவைத்துக் காயப்போட்ட கேள்வியை, ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி ஒருவர் எடுத்துப் போடுவார். சீனியர்கள் கமுக்கமாக இருப்பார்கள். நேற்று சேர்ந்த அப்பாவி மட்டும் ஓடி வந்து பக்கம் பக்கமாகப் பதில் எழுதுவான். தூண்டிலைத் தண்ணீரில் இழுத்துக்கொண்டே போய் மீன் பிடிப்பதற்கு இங்கிலீஷில் 'ட்ரோலிங்' என்று பெயர். இன்றைக்கு நாம் மீம்ஸில் போடும் 'ட்ரோல்' புழக்கத்துக்கு வந்ததில் இந்தத் தூண்டிலுக்குப் பெரிய பங்கு உண்டு. ரிப்பீட் கேள்வி கேட்டால் திட்டுகிற சீனியர்களே ரிப்பீட் கேள்வியைப் புழுவாக மாட்டினார்கள் என்றால், டன்டனின் ஆவி எங்கேயும் போகவில்லை என்று அர்த்தம்.

ரிப்பீட் கேள்வியை ஒழிக்க நாசா விஞ்ஞானிகளே களமிறங்கினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எண்பதுகளின் தொடக்கத்தில், விண்வெளி பற்றிய ஒரு மின்னஞ்சல் குழுவில் அதே கேள்விகள் சுற்றிச் சுற்றி வர, நாசாவின் யூஜின் மியா அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளையும் பதில்களையும் தொகுத்துப் போட ஆரம்பித்தார். எஃப்.ஏ.க்யூ. என்ற பெயர் அங்கேதான் பிறந்தது. பிறகு யூஸ்நெட்டில் மீன் வளர்ப்பவர், கேமரா வைத்திருப்பவர் என்று ஒவ்வொரு குழுவும் ஆளுக்கொன்று எழுதிக்கொண்டது. எழுதினால் போதுமா? புதுசாக வருகிறவன் கண்ணில் பட வேண்டுமே! அதனால் மாதாமாதம் அதே பட்டியலை மறுபடி மறுபடி போட்டார்கள். கேள்வி ரிப்பீட் ஆகாமலிருக்கப் பதிலை ரிப்பீட் பண்ணினார்கள். சந்திரனுக்கு ஆள் அனுப்பிய கூட்டத்தால்கூட இதற்குமேல் ஒன்றும் செய்ய முடியவில்லை.

1995-இல் இன்டெல்லின் சாலி ஹேம்பிரிட்ஜ் எழுதி வெளிவந்த இணைய நடத்தை விதிகளில் ஒரு யோசனை: ஒரு குழுவில் வாயைத் திறக்கும் முன், ஒன்றிரண்டு மாதம் சும்மா படித்துக்கொண்டிருங்கள். இரண்டு மாதமா? புகுந்த வீட்டுக்கு வந்த மருமகளே இரண்டு நாளில் குழம்புக்கு உப்புப் போதாது என்று சொல்லிவிடுகிறாள். அதற்குள் எங்கள் தக்காளிச் செடி விறகாகிவிடும்.

2001-இல் எரிக் ரேமண்ட் என்ற புரோகிராமர், புத்திசாலித்தனமாகக் கேள்வி கேட்பது எப்படி என்று ஒரு நீளமான கட்டுரை எழுதினார். பிரமாதமான கட்டுரை. எங்கெங்கோ உள்ள சாஃப்ட்வேர்க் குழுக்களெல்லாம், முதலில் இதைப் படி, அப்புறம் கேள் என்று அதற்கு லிங்க் கொடுத்தன. ஜனங்களும் லிங்க்கை அழுத்திப் போனார்கள். போய், தங்கள் சாஃப்ட்வேர்ச் சந்தேகத்தை ரேமண்டிடமே கேட்டார்கள்! நாங்கள் உதவி மையம் இல்லை என்று கட்டுரையின் தலையிலேயே அவர் போர்டு மாட்ட வேண்டியதாயிற்று.

இதையெல்லாம் படித்து முடித்த தெம்பில், நேற்று காலை குரூப்பைத் திறந்தேன். "தக்காளி இலை சுருண்டுக்குது." கலங்கலான போட்டோ. அட்மின் அண்ணன்: "மேலே ஸ்க்ரோல் பண்ணிப் பாருங்க." கும்பிடும் கை. அதற்குக் கீழே, அண்ணன் சொல்லை ஒருத்தரும் மதிக்காமல், பதினேழு பேர். லிட்டருக்கு வேப்பெண்ணெய் 3 மில்லி, இல்லை இல்லை 10 மில்லி, சோப்புக் கரைசல் சேருங்க, சேர்க்காதீங்க, செடியையே பிடுங்கிடுங்க அக்கா. எனக்குக் கை சும்மா இருக்குமா? "5 மில்லி போதும்மா, சாயங்காலமா அடிங்க" என்று போட்டேன்.

போட்ட பிறகுதான் மேலே ஸ்க்ரோல் பண்ணிப் பார்த்தேன். எனக்கு முன்னால் நாலு பேர் அதையே சொல்லியிருந்தார்கள்.