ராவணன் எப்படியும் செத்தான்

எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் எல்லாருக்கும் தெரிந்த வெள்ளைக்காரர் ஒருவர்தான்: ரெனன்மார்ட்டின். அவர் இரண்டு பேர் என்ற விஷயம் காலேஜ் வரை போனவர்களுக்கு மட்டும் தெரியும். பி.சி. ரென், எச். மார்ட்டின் என்ற இருவர் 1930களில் எழுதிய சிவப்பு அட்டை இலக்கணப் புத்தகம், எண்பதுகளிலும் எங்கள் டியூஷன் சாரின் மேஜை மேல் இருந்தது. நாங்கள் அதைத் தொட்டதில்லை. சார் அதிலிருந்து வாக்கியங்களைக் கரும்பலகையில் இறக்குவார். நாங்கள் நோட்டில் இறக்கிக்கொள்வோம். விடைகளுக்குத் தனிப் புத்தகம் உண்டு, 'கீ' என்பார்கள். அது மேஜை இழுப்பறைக்குள். சார் அவ்வப்போது இழுப்பறையைப் பாதி திறந்து, தலையைக் குனிந்து, கொஞ்ச நேரம் மௌனமாக இருந்துவிட்டு "தப்புடா" என்பார். யோசிக்கிறார் என்று மரியாதையாகக் காத்திருப்போம்.

இந்த ரென் சாமானிய ஆள் இல்லை. பிரிட்டிஷ் இந்தியாவில் கல்வித் துறையில் வேலை பார்த்தவர், 1924இல் 'போ ஜெஸ்ட்' என்றொரு நாவல் எழுதி உலகப் புகழ் பெற்றார். சஹாரா பாலைவனம், பிரெஞ்சு அந்நியப் படை, காணாமல் போன நீலக்கல் என்று ஒரே சாகசம். ஹாலிவுட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை படமாக வந்தது. அதில் ஒரு கட்டம்: முற்றுகையில் வீரர்கள் ஒவ்வொருவராகச் சாகச் சாக, பிணங்களைக் கோட்டைச் சுவரில் துப்பாக்கியோடு நிறுத்திவைத்து, ஆள் இருப்பதுபோல் எதிரிக்குக் காட்டுவார்கள். எங்கள் வினாத்தாளில் நின்ற வாக்கியங்களுக்கும் உயிர் போய் ரொம்ப நாள் ஆகியிருந்தது.

முதல் பிணம் 'ஷல்'. தன்மைக்கு ஷல், முன்னிலைக்கும் படர்க்கைக்கும் வில். உறுதியோ மிரட்டலோ என்றால் அப்படியே தலைகீழ். ஜான் வாலிஸ் என்ற ஆங்கிலேயர் 1653இல், அதுவும் லத்தீனில், எழுதிவைத்த விதி இது. கணிதத்தில் முடிவிலிக்கு எட்டைப் படுக்கப் போட்டதுபோல ஒரு குறி இருக்கிறதே, அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் அவரேதான். விதியும் முடிவில்லாமல் போனதில் வியப்பில்லை. சார் இதற்கு ஒரு கதை சொல்வார். ஆற்றில் மூழ்கிக்கொண்டிருந்த ஒருவன் பதற்றத்தில் ஷல்லையும் வில்லையும் மாற்றிப் போட்டுக் கத்தினானாம். 'நான் சாவது உறுதி, எவனும் என்னைக் காப்பாற்றக் கூடாது' என்று பொருளாகிவிட்டதாம். கரையில் நின்ற கனவான்கள் இலக்கணத்துக்கு மரியாதை கொடுத்து, சும்மா நின்றார்களாம். எங்கள் ஊர் ஆற்றில் மூழ்கினவர்கள் 'ஐயோ' என்று கத்தியதால் சிலராவது பிழைத்தார்கள்.

அடுத்தது வாய்ஸ். ஆப்ஜெக்டைத் தூக்கி முன்னால் வை, சப்ஜெக்டைப் பின்னால் தள்ளு, நடுவில் 'வாஸ்' போடு, வெர்புக்கு மூன்றாவது ஃபார்ம், கடைசியில் 'பை'. 'ராமா கில்டு ராவணா' என்பது 'ராவணா வாஸ் கில்டு பை ராமா' ஆகும். ராவணன் எப்படியும் செத்தான். எங்களுக்கு மார்க் வந்தது. இதை எதற்காக மாற்ற வேண்டும் என்று சாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பதில் எனக்குக் கிடைத்தது ஓர் அரசு அலுவலகத்தில், கிளார்க்காகச் சேர்ந்த பிறகு. அங்கே பாஸிவ் வாய்ஸ் மூச்சுக் காற்று. 'தி ஃபைல் ஹேஸ் பீன் மிஸ்பிளேஸ்டு.' யார் தொலைத்தார்கள்? 'பை' போட்டால் ஒரு பெயர் வரும். பெயர் வந்தால் பின்னாலேயே மெமோ வரும். அதனால் 'பை' இல்லாத பாஸிவே உத்தமம். செய்தவர் யார் என்று தெரியாதபோதோ, அது முக்கியமில்லாதபோதோ பாஸிவ் பயன்படுத்துக என்கின்றன நல்ல இலக்கணப் புத்தகங்கள். எங்கள் செக்‌ஷனில் செய்தவர் யார் என்று எல்லாருக்கும் தெரியும், அது ரொம்ப முக்கியமும்கூட, அதனால்தான் பயன்படுத்தினோம். பிறகு கடிதங்கள் தமிழுக்கு மாறின. பழக்கம் மாறவில்லை. 'பரிசீலிக்கப்பட்டு வருகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் யாரும் எதையும் பரிசீலிக்க வேண்டியதில்லை.

ரிப்போர்ட்டட் ஸ்பீச்சைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 'ஹுர்ரா' என்று ஒருவன் கத்துவான், அதை 'மகிழ்ச்சியுடன் வியந்து கூறினான்' என்று மாற்ற வேண்டும். எங்கள் தெருவில் ஹுர்ரா சொன்ன ஆளை நான் பார்த்ததில்லை. இஃப் கிளாஸில் மூன்றாம் வகை மட்டும் எல்லாருக்கும் சட்டென்று புரிந்தது. 'ஒழுங்கா படிச்சிருந்தா பாஸ் பண்ணியிருப்ப' என்று எல்லா அப்பாக்களும் வீட்டிலேயே பயிற்சி கொடுத்திருந்தார்கள்.

இப்போது என் தங்கை மகள், நர்ஸ், வெளிநாட்டு வேலைக்காக ஐஇஎல்டிஎஸ் தேர்வுக்குப் படிக்கிறாள். கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதி. 'வாய்ஸை மாற்றுக' என்று ஒரு கேள்விகூடக் கிடையாது. எழுதும்போதும் பேசும்போதும் பார்க்கிற நான்கு அம்சங்களில் இலக்கணம் ஒன்று, அவ்வளவுதான். அவள் கையில் ரேமண்ட் மர்ஃபியின் 'இங்கிலிஷ் கிராமர் இன் யூஸ்', ஜெராக்ஸ், ஸ்பைரல் பைண்டிங். 1985இல் முதலில் வந்த புத்தகம், இடைநிலை மாணவர்களுக்கானது. இடப்பக்கம் விளக்கம், வலப்பக்கம் பயிற்சி, இப்படி 145 பாடங்கள். விடைகள் பின்னாலேயே இருக்கின்றன. இழுப்பறைக்கு வேலையே இல்லை.

"நாளைக்கு மழை பெஞ்சா என்ன பண்ணுவேன்னு இங்கிலீஷ்ல சொல்லு பாப்போம்" என்றேன்.

"இஃப் இட் ரெயின்ஸ், ஐ வில் ஸ்டே அட் ஹோம், மாமா."

"ஐ ஷல்."

"ஷல்லா? ஜன்னலைத் திறக்கட்டுமான்னு கேக்கத்தான் அது. மத்தபடி யாரு மாமா இப்ப சொல்றாங்க?"

புத்தகத்தைப் புரட்டினேன். அவள் சொன்னதுதான் இருந்தது.

சார் பிரம்பெடுத்த இன்னொரு குற்றம் 'ஐ ஆம் லவிங்', 'ஐ ஆம் நோயிங்'. மன நிலையைச் சொல்லும் வெர்புக்கு 'இங்' ஒட்டக் கூடாது. மர்ஃபியும் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறார். ஆனால் 2003இல் மெக்டொனால்ட்ஸ் 'ஐ ஆம் லவிங் இட்' என்று உலகம் முழுக்க போர்டு மாட்டிவிட்டது. எங்கள் உள்ளங்கை சிவந்ததற்கு அந்த பர்கரில் ஒரு பாதியாவது இலவசமாகத் தர வேண்டும். எல்லா வாக்கியத்துக்கும் 'இஸின்ட் இட்' என்று வால் ஒட்டினால் எங்களுக்கு அரை மார்க் போகும். லண்டன் இளைஞர்கள் இன்று எல்லாவற்றுக்கும் 'இன்னிட்' என்கிறார்கள். அவர்களுக்கு யார் அரை மார்க் குறைப்பது?

போகட்டும். இப்போது தவறு செய்வதே கடினமாகிவிட்டது. எங்கள் அபார்ட்மென்ட் செக்ரட்டரி தண்ணீர் டேங்க் கழுவுவது பற்றி அனுப்புகிற வாட்ஸ்அப் செய்தியில் ஒரு கமா பிசகவில்லை. ஆளுக்கு அத்தனை ஆங்கிலம் வராது. ஃபோன் எழுதித் தருகிறது. முன்பெல்லாம் ஆபீஸில் கையெழுத்தில்லாத மனு வந்தால், 'டிஸ்கஸ் அபவுட்' இருந்தால் இவர், 'ரிவர்ட் பேக்' இருந்தால் அவர் என்று பிழையை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவோம். இன்று எல்லாரும் ஒரே மாதிரி பிழையில்லாமல் எழுதுகிறார்கள். படித்து முடித்தபின், டேங்கை யார் கழுவுவார் என்பது மட்டும் தெரிவதில்லை. 'தி டேங்க் வில் பி கிளீன்டு.' என் பழைய செக்‌ஷனில் இந்த ஃபோனுக்கு உடனே பிரமோஷன் கிடைத்திருக்கும்.

அன்று எங்களுக்கு விதி தெரியும், பேச ஆள் இல்லை. இன்று பேச எல்லாரும் இருக்கிறார்கள், விதி ஃபோனுக்குத் தெரியும். மாறாதது வினாத்தாள் மட்டுமே. பக்கத்து வீட்டுப் பையனின் பத்தாம் வகுப்பு கைடில் 'சேஞ்ச் தி வாய்ஸ்' அப்படியே நிற்கிறது.

கேள்வி எழுதும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாக்கியத்தைப் புரட்டச் சொல்லாதீர்கள். ஒரு ஃபைல் தொலைந்த கதையைக் கொடுத்து, தொலைத்தவன் எப்படி எழுதுவான், தேடுகிறவன் எப்படி எழுதுவான் என்று கேளுங்கள். திருத்த நேரம் பிடிக்கும், கைடிலும் விடை இருக்காது. இரண்டு மார்க்குக்குப் பதில் ஐந்தாகப் போட்டுவிடுங்கள்.