படகும் மைத்துனரும்

மீன்பிடித் தடைக்காலம் முடியும் தறுவாயில் எனக்கு வரும் கடிதங்களில் உப்புக்காற்று வீசுவது வழக்கமாதலால், இம்முறை தபால்பையைக் கவிழ்த்தபோது அரசியலையும் சினிமாவையும் பின்னுக்குத் தள்ளிவிட்டுப் படகுகளே முதலில் வந்து விழுந்ததில் எனக்கு வியப்பில்லை. வரிசை கலையாமல் பதில் சொல்லுகிறேன்.

கேள்வி: முதன்முதலாக மீன்பிடிப் படகு வாங்கப்போகிறேன். எத்தனை அடிப் படகு வாங்கலாம்? (ச. ர., கோவளம்)

பதில்: தம்பி, படகின் அடியைக் கேட்குமுன் கரையைச் சொல்வதே முறை, நல்லவேளையாகக் கடிதத்தின் தலையில் ஊர்ப்பெயரை எழுதிவிட்டீர்கள். துறைமுகச் சுவரும் தேங்கிய நீரும் உள்ள இடத்தில் படகின் அளவைப் பணப்பை தீர்மானிக்கலாம்; சோழமண்டலக் கரையிலோ அதைத் தீர்மானிப்பது அலை. காலையில் நீங்கள் படகை மணலிலிருந்து தள்ளி, உடைந்து புரளும் அலைகளுக்கிடையே சற்றே தணியும் தருணம் பார்த்து, அணியம் என்னும் முன்பகுதி நேராக நிற்க எஞ்சினை முடுக்கி வெளியேற வேண்டும். திரும்பும்போது, பின்னால் துரத்திவரும் அலை படகைக் குறுக்கே திருப்பிக் கவிழ்த்துவிடாதபடி, அதன் முதுகிலேயே வந்து மணலில் ஏற வேண்டும். ஏறிய பின்பு அடுத்த அலை பிடித்திழுக்குமுன் மேட்டுக்கு இழுத்தாக வேண்டும். டிராக்டர் வந்து இழுக்கும் காலந்தான் இது. ஆயினும் டிராக்டர்காரர் கல்யாணத்துக்குப் போகும் நாளும் உண்டு. ஆகவே, உங்களுடன் கடலுக்கு வருவோரும், கரையில் கூப்பிட்டவுடன் தோள்கொடுக்க வருவோரும் சேர்ந்து எந்தப் படகை நகர்த்த முடியுமோ, அதுவே உங்கள் முதற்படகின் உச்ச அளவு.

நம் முன்னோர் இதை நன்கறிந்தே கட்டுமரம் கட்டினார்கள். அலை அதன்மேல் ஏறினால் தண்ணீர் மரங்களுக்கிடையே வழிந்தோடிவிடும். முழுக உட்குழி இல்லை, இறைக்க வாளி வேண்டியதில்லை. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரம் மரமாகத் தூக்கிச் சென்று உலர்த்தலாம். அதைவிடச் சிரேஷ்டமான முதற்படகை இந்தக் கரை கண்டதில்லை என்பது என் அபிப்பிராயம். ஆனால் பெரிய எஞ்சின் பூட்ட முடியாத எதையும் இக்கால இளைஞர் படகென்று ஒப்புவதில்லையாதலால், உங்களுக்கு 24 அடி ஃபைபர் படகைச் சிபாரிசு செய்கிறேன்.

இதே கேள்வி பாக் நீரிணைக் கரையிலிருந்து வந்திருந்தால் பதில் மாறியிருக்கும். அங்கே கடல் பெரும்பாலும் 15 மீட்டருக்கு உட்பட்ட ஆழந்தான். அலை உடைந்து விழும் ஆர்ப்பாட்டமில்லை. படகு நீரில் எவ்வளவு ஆழம் அமிழ்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். குமரி மாவட்டத்துத் தூத்தூர்க்காரரோ வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கிச் சுறாவும் சூரையும் பிடிப்பவர். அவருடைய படகில் உறங்க இடம், உலை வைக்க இடம், ஐஸ் நிரப்ப இடம் எல்லாம் வேண்டும். அவரைப் பார்த்து நீங்கள் படகு வாங்காதீர்கள்.

கேள்வி: கடலில் மொத்தம் எத்தனை மீன்கள் இருக்கும்? (மா. வே., திருச்சி)

பதில்: போன தலைமுறை சொன்னதைவிடக் குறைவு, இந்தத் தலைமுறை சொல்வதைவிடக் கூடுதல்.

கேள்வி: 20 அடிப் படகு போதும் என்பது என் எண்ணம். என் மைத்துனர், "வாங்குவதே வாங்குகிறீர்கள், இன்னும் 5 அடி கூட்டி வாங்குங்கள், பிற்காலத்துக்கு உதவும்" என்கிறார். என்ன செய்ய? (த. கு., கடலூர்)

பதில்: உலகத்தில் தேவைக்கு மிஞ்சி வாங்கப்பட்ட வீடுகள், எருமைகள், பட்டுப்புடவைகள், படகுகள் ஆகியவற்றின் பின்னால் ஒரு மைத்துனர் நிற்பதை நான் பல்லாண்டுகளாகக் கவனித்து வருகிறேன். அவருக்குத் துரதிர்ஷ்டவசமாகக் கணித சாஸ்திரம் உறவு பார்ப்பதில்லை. படகின் நீளம் வளர்ந்தால் நீளம் மட்டுமா வளர்கிறது? அகலமும் ஆழமும் உடன் வளர்கின்றன. 20 அடியை 25 அடியாக்கினால் நீளம் கால்பங்குதான் கூடுகிறது. மூன்று பரிமாணங்களும் அதே விகிதத்தில் கூடும்போது கொள்ளளவோ ஏறக்குறைய இரட்டிக்கிறது. 1.25-ஐ மும்முறை பெருக்கிப் பாருங்கள்: 1.95 வரும். மைத்துனர் வாயால் ஐந்தடி என்று சொல்லிவிட்டார். உண்மையில் அவர் உங்களை வாங்கச் சொல்வது இன்னொரு முழுப் படகை! அந்த இரண்டாவது படகுக்கும் சேர்த்தே நீங்கள் பிசின் வார்க்க வேண்டும், எஞ்சின் பூட்ட வேண்டும், டீசல் ஊற்ற வேண்டும், இழுத்தேற்ற ஆள் பிடிக்க வேண்டும். வலையில் விழும் மீன் மட்டும் இந்தக் கணக்கைப் படித்துவிட்டு இரட்டிப்பாக வருவதாகத் தெரியவில்லை.

மீன் இரட்டித்து வந்தால் வைக்க இடம் வேண்டாமா என்று அவர் கேட்பார். இழுக்கும் பாதிச் செலவை அவரே ஏற்பதாக எழுதிக் கையொப்பமிட்டுத் தரச் சொல்லுங்கள். தந்துவிட்டால் 25 அடியே வாங்கலாம், தரமாட்டார்.

கேள்வி: படகுக்கு என்ன பெயர் வைக்கலாம்? (ஜோ. அ., மணப்பாடு)

பதில்: கடன் கொடுத்தவர் பெயரைத் தவிர எதையும்.

கேள்வி: 25 அடிப் படகில் இரண்டு எஞ்சின்கள் பூட்டினால் இரு மடங்கு வேகம் போகுமா? (பெயர் வேண்டாம், காரைக்கால்)

பதில்: இரு மடங்கு எரிபொருள் போகும். 1870-களில் இங்கிலாந்தில் வில்லியம் ஃப்ரூட் என்னும் பொறியாளர், டார்க்கீ என்ற ஊரில் நீளமான தண்ணீர்த்தொட்டி அமைத்து, அதில் சிறு மாதிரிக் கப்பல்களை இழுத்துப் பார்த்து, படகு தானே எழுப்பும் அலையே தன் வேகத்துக்குத் தடையாகிறது என்பதைக் கணக்காகக் காட்டினார். நீரைப் பிளந்து செல்லும் படகுக்கு அந்தக் கணக்குப்படி எளிய வாய்பாடு ஒன்று வழங்குகிறது: நீர்மட்ட நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால், சௌகரியமாக எட்டக்கூடிய வேகம் நாட் கணக்கில் கிடைக்கும். 25 அடிக்கு வர்க்கமூலம் 5, வேகம் 6.7 நாட். அதற்குமேல் போக முயன்றால் படகு தன் முன்னலையின்மீதே மலையேறத் தொடங்கும், பின்தலை அமிழும், எண்ணெய் கொழுந்துவிட்டு எரியும்.

வெறும் படகு தட்டையான அடிவயிற்றோடு அலைமேல் ஏறிச் சறுக்கி ஓடுவதை நானும் பார்த்திருக்கிறேன், மறுக்கவில்லை. ஆனால் வலையும் ஐஸும் நான்கு ஆட்களும் ஏறிய பின்பு எந்தப் படகும் அந்த உல்லாசத்தை மறந்துவிடும். நீங்கள் கடலுக்குப் போவது வெறும் படகைக் காட்டிவர அல்லவே.

கேள்வி: எனக்குச் சிறிய படகில் தலைசுற்றுகிறது. பெரிய படகில் சுற்றாதா? (இ. ப., தூத்துக்குடி)

பதில்: சுற்றும், சற்று நிதானமாகச் சுற்றும்.

கேள்வி: படகின் அளவுக்குப் பழைய சாஸ்திரம் ஏதேனும் உண்டா? (கோ. சீ., கும்பகோணம்)

பதில்: உண்டா என்றா கேட்டீர்கள்! இந்தக் கேள்விக்காகவே நான் இத்தனை காலமும் இந்தப் பகுதியை எழுதிவந்தேன் என்றுகூடச் சொல்லலாம். போஜராஜன் பெயரால் வழங்கும் யுக்தி கல்பதரு என்னும் வடமொழி நூல் மரக்கலங்களுக்கு அளவு வகுக்கிறது. ராதாகுமுத முகர்ஜி 1912-இல் ஆங்கிலத்தில் எழுதிய இந்தியக் கப்பல் வரலாற்றில் அதனை எடுத்து விவரித்தார். சாமானிய வகைக் கலங்கள் பத்து. அவற்றில் மிகச் சிறியது க்ஷுத்ரா: 16 முழ நீளம், 4 முழ அகலம், 4 முழ உயரம். மிகப் பெரியது மந்தரா: 120 முழ நீளம். இடையிலுள்ள பீமா, பயா, கர்பரா என்னும் மூன்றும் உடையவனுக்குத் தீங்கு பயப்பன என்று நூல் எச்சரிக்கிறது.

இப்போது முழத்தை ஒன்றரை அடியாக வைத்து க்ஷுத்ராவை அளந்து பாருங்கள். நீளம் 24 அடி, அகலம் 6 அடி! இன்று நம் கரைகளில் மணலேறி நிற்கும் ஃபைபர் படகுகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினால், உயரத்தைத் தவிர வேறு வித்தியாசம் கண்டுபிடிக்கச் சிரமப்படுவீர்கள். அரண்மனையில் அமர்ந்து க்ஷுத்ரம், அதாவது அற்பம், என்று தள்ளியதைத்தான் அலையோடு மல்லுக்கு நிற்கும் மக்கள் போதுமென்று பிடித்துக்கொண்டார்கள். நீளத்தில் நாலில் ஒரு பங்கு அகலம் என்னும் அந்த விகிதமும் கெட்ட விகிதமன்று. அதற்குமேல் ஒடுக்கினால் வலையை ஒருபக்கமாக நின்று இழுக்கும்போது படகு சாயும், அதற்குமேல் அகட்டினால் அலையைப் பிளக்காமல் அறைந்து அறைந்து நிற்கும்.

அதே நூல், கடலோடும் கலத்தின் பலகைகளை இரும்பால் இணைக்கலாகாது, கடலடியிலுள்ள காந்தப்பாறைகள் இழுத்துவிடும் என்றும் சொல்கிறது. சிரிக்கலாம். ஆயினும் சென்னையில் துறைமுகம் எழும்புமுன், நங்கூரமிட்ட கப்பலுக்கும் கரைக்குமிடையே ஆளையும் சரக்கையும் ஏற்றிச்சென்ற மசூலாப் படகுகளில் ஆணியே கிடையாது. தென்னங்கயிற்றால் தைத்த பலகைகள், மணலில் மோதும்போது உடையாமல் நெளிந்துகொடுத்தன. சாஸ்திரகாரர் சொன்ன காரணம் பிசகு. சொன்ன காரியம் சரி. மைத்துனர்களிடம் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக இருக்கும்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமைகளில் பழவேற்காடு ஏரியில் வஞ்சிரம் பிடிக்க எத்தனை அடிப் படகு வேண்டும்? (ஒரு வங்கி அதிகாரி, மயிலாப்பூர்)

பதில்: வஞ்சிரம் ஏரியில் வாசம் செய்வதில்லை ஐயா, அது கடல்மீன். வஞ்சிரத்தைத் தவிர மற்றதெல்லாம் மீனல்ல என்று நம்பும் நகரவாசிகளைப் பற்றி இந்தப் பகுதியில் முன்னரே வேண்டிய மட்டும் எழுதியிருக்கிறேன். காரலும் நெத்திலியும் இருக்கும் நாட்டில் ஒரே மீனைத் துண்டம் போட்டு அதன் விலையையே ருசியென்று உண்ணும் அந்த மதத்தை என்னால் மாற்ற முடியாது. பழவேற்காட்டில் உங்களுக்கு மடவை கிடைக்கும், இறால் கிடைக்கும், நண்டு கிடைக்கும். ஏரி பல இடங்களில் இடுப்பளவுதான். 14 அடித் தட்டைப்படகும் ஊன்றக் கழியும் ஏராளம். அதைவிடவும் உத்தமம், அங்குள்ள மீனவர் ஒருவரின் படகில் கூலிகொடுத்து ஏறிக்கொள்வது: திங்கட்கிழமை முதல் சனிக்கிழமை வரை அந்தப் படகை நீங்கள் பராமரிக்க வேண்டியதில்லை.

கேள்வி: என் மகனுக்கு 22 வயது. 32 அடிப் படகு வாங்கினால் தரகர் முன்பணம் தருகிறாராம். மீதிக்கு என் நகையை அடகுவைக்கச் சொல்கிறான். வைக்கலாமா? (ஒரு தாய், நாகப்பட்டினம்)

பதில்: அம்மா, இதற்கு விளையாட்டாகப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தரகரின் முன்பணத்துக்கு வட்டி இல்லை என்று மகன் சொல்லியிருப்பான். பெரும்பாலும் அது மெய்தான். ஆனால் அந்தப் பணம் தீரும்வரை பிடித்த மீனை அவரிடமே தரவேண்டும், அவர் கூறும் ஏலத்தில் போட்டு, அவர் கமிஷனைக் கழித்துக்கொண்டு, மிச்சத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். படகு பெரிதானால் முன்பணம் பெரிது. முன்பணம் பெரிதானால் கட்டு நீளம்.

மீன்பாடு இல்லாத நாளை எண்ணிப் பாருங்கள். நல்ல நாளில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு போக மிஞ்சியதைப் படகுக்கும் வலைக்கும் ஆட்களுக்கும் பங்கு பிரிப்பார்கள். வெறும் வலையோடு திரும்பும் நாளில் ஆட்களுக்குப் பங்கில்லை. செலவும் கடனும் படகுக்காரன் தலையில். ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்து படகுகள் கரையேறிக் கிடக்கும் நாட்களில் கடன் மட்டும் கரையேறுவதில்லை. பெரிய படகுக்கு ஆள் அதிகம் வேண்டும். நல்ல ஆள் வேண்டுமானால் அவர்களுக்கும் முன்பணம் கொடுத்தாக வேண்டும்.

ஃபைபர் படகு போன்ற சிறிய நாட்டுப்படகுக்குச் சில அனுகூலங்களும் உண்டு. கரையை ஒட்டிய கடற்பகுதியில் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாதென்று 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் சொல்கிறது. மீறுவோர் இருக்கிறார்கள், ஆயினும் சட்டப்படி அந்தக் கடல் சிறியவர்களுடையது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கட்டிக்கிடக்கும்போது நாட்டுப்படகுகள் கடலுக்குப் போகின்றன. அந்நாட்களில் மீனுக்கு விலையும் உண்டு.

எனவே மகனை இரண்டு பருவம் இன்னொருவர் படகில் ஆளாகப் போகச் சொல்லுங்கள். பிறகும் ஆசை குறையாவிட்டால், நம்பகமான நண்பன் ஒருவனோடு கூட்டாக 24 அடிக்குள் ஒரு படகு வாங்கட்டும். மீனவருக்கும் இப்போது கிசான் கடன் அட்டை தருகிறார்கள். வலைக்கும் எண்ணெய்க்கும் அதை வங்கியில் கேட்கட்டும். நகையில் பாதியை மட்டும் அடகு வையுங்கள். மறுபாதி ஐப்பசிக்கு வேண்டும். 32 அடிக்கு வேண்டாம் என்று சொன்னது நான் என்று அவனிடம் தாராளமாகச் சொல்லுங்கள்; கோபம் என்மேல் இருக்கட்டும்.

கேள்வி: படகில் எத்தனை உயிர்காப்பு மேலங்கிகள் வைக்க வேண்டும்? (ந. செ., புதுச்சேரி)

பதில்: ஏறுவோர் எத்தனையோ அத்தனை. வைப்பதோடு நில்லாமல் அணியவும் வேண்டும்.

கேள்வி: பழைய ஃபைபர் படகு ஒன்று மலிவாக வருகிறது. அளவும் நீங்கள் சொல்வதுதான். எதைப் பார்த்து வாங்குவது? (வீ. மு., பூம்புகார்)

பதில்: முதலில் அதன் பிறப்பைக் கேளுங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின்பு, உதவ வேண்டுமென்ற நல்லெண்ணத்தில் அவசரம் அவசரமாக வார்த்து வழங்கப்பட்ட படகுகளில் மெலிந்த உடம்போடு பிறந்தவை பல. அந்தத் தலைமுறைப் படகானால் விலை எவ்வளவு மலிவாயினும் சந்தேகத்தோடு நெருங்குக. புதிதாகப் பூசிய வண்ணம் மினுமினுத்தால் இன்னும் சந்தேகம் கொள்க.

பிறகு வெயில் ஏறுமுன் போய், விரல்முட்டியால் அணியத்திலிருந்து பின்தலைவரை ஒரு சாண் விட்டு ஒரு சாண் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடம் 'டக்' என்று கணீரென ஒலிக்கும். நீர் புகுந்து அடுக்கு பிரிந்த இடம் 'தொப்' என்று மந்தமாகச் சொல்லும். அடிவயிற்றில் கொப்புளம் இருந்தால் ஊசியால் குத்திப் பாருங்கள். புளித்த வாடையோடு நீர் கசிந்தால் உள்ளே நோய் பரவியிருக்கிறது. கடைசியாக எஞ்சின் மாட்டும் பின்பலகைக்கு வாருங்கள். வெளியே ஃபைபர் உறை, உள்ளே மரம். எஞ்சின் திருகிய துளைகளின் வழியே உப்புநீர் இறங்கி அந்த மரம் மட்கிவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. எஞ்சினின் அடிக்காலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பின்பலகை கூடவே அசைந்தால் விலை பேச வேண்டாம். வந்த வழியே வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.